கேமராவுக்குப் பாடு போட்ட ஊர்

இப்போது சில இளவட்டங்கள் பழைய பிலிம் கேமராக்களைத் தேடி அலைகிறார்கள். அதிலும் சட்டைப் பையில் அடங்குகிற, உலோக உடம்பும் கண்ணாடி லென்சும் உள்ள சின்னக் கேமரா என்றால் தனி மவுசு. அப்படி ஒருவர் என்னிடம் வந்து, "அதுல அப்படி என்ன சார் இருக்கு?" என்று கேட்டார். நானும் லென்சு, அளவு, சத்தம் என்று ஏதோ சொல்லி அனுப்பிவிட்டேன். உண்மையான காரணத்தைச் சொல்லியிருந்தால் எனக்குப் புத்தி பிசகிவிட்டது என்று நினைத்திருப்பார். அப்படிப்பட்ட ஒரு கேமராதான் எங்கள் மாமாவுக்குப் புடவை கட்டி ஊர் நடுவில் உட்காரவைத்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. பொன்னேரியில் ஒரு போட்டோ ஸ்டுடியோவின் இருட்டறையில் எனக்கு வேலை. சொந்த ஊர், பழவேற்காட்டிலிருந்து படகில் ஏரியைக் கடந்து போகவேண்டிய ஒரு மீனவக் குப்பம். ஸ்டுடியோ கேமரா மூன்று காலில் நிற்கும். முதலாளி கறுப்புத் துணிக்குள் தலையை நுழைத்ததும் எதிரே உட்கார்ந்திருப்பவர் மூச்சை நிறுத்திவிடுவார். அப்படி மூச்சை நிறுத்திய முகங்களைத்தான் நான் நாள் முழுக்கக் கழுவிக் காயப்போட்டேன். கல்யாண முகம், காதுகுத்து முகம், பாடையில் சாய்த்த முகம் எல்லாம் என் கையில் வந்தன. என் அம்மாவின் முகம் மட்டும் வரவில்லை.

அம்மா பழவேற்காட்டுச் சந்தையில் மீன் விற்றவள். படம் எடுக்கலாம் வா என்று கூப்பிட்டபோதெல்லாம், "மீன் நாத்தம் படத்துல வந்துடும்டா" என்று சிரிப்பாள். அடுத்த மாதம் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் விட்டுவிடுவேன். ஒரு வைகாசியில் காய்ச்சல் கண்டு நான்கே நாளில் போய்விட்டாள். படம் பிடிக்கிற கடையில் சம்பளம் வாங்கியவன் பெற்றவளை ஒரு படம் எடுத்து வைக்கவில்லை. இதை நினைத்தால் இன்றைக்கும் என்னை நானே அறைந்துகொள்ளத் தோன்றுகிறது.

நைனா அழவில்லை. அப்பாவை நாங்கள் அப்படித்தான் கூப்பிடுவோம். அம்மா அவரை 'இன்னாய்யா' என்று கூப்பிடுவாள். ஒரு நாளைக்கு நூறு இன்னாய்யா வரும். அவள் போனபிறகு வீடு சத்தமில்லாமல் கிடந்தது. வருஷத் திதிக்கு ஒரு மாதம் இருக்கும்போது நைனா முதல்முறையாக வாயைத் திறந்தார்.

"வருசத்துக்கு மாலை வாங்கணும். வாங்கி எதுக்குப் போடுறது? சொவத்துக்கா?"

அவரே தொடர்ந்தார். "உன் மாமன் மூஞ்சியப் பாத்தியா? மீசைய எடுத்துட்டா அச்சு அசல் உங்கம்மா."

மாமா என்றால் அம்மாவின் கூடப் பிறந்த தம்பி. நைனா சொன்னதில் பொய் இல்லை. அதே நீள மூக்கு, கோபம் வந்தால் தானாக மேலே ஏறுகிற அதே இடது புருவம். ஆனால் நடுவில் ஒரு மீசை இருந்தது. விளக்கெண்ணெய் போட்டு வளர்த்த மீசை. வலைக்குப் போகாத நாளிலும் அதற்கு எண்ணெய் தப்பாது. அதை எடுத்துவிட்டு அம்மாவின் புடவையைக் கட்டிக்கொண்டு படத்துக்கு உட்காரவேண்டும் என்று கேட்டால் மனுஷன் என்ன செய்வார்? துடுப்பால் அடிப்பார் என்றுதான் நினைத்தேன்.

நானும் நைனாவும் போய்க் கேட்டோம், அடிக்கவில்லை. கையிலிருந்த வலையின் கிழிசலைக் கடைசிக் கண் வரை தைத்து முடித்தார். அவரைத் தூக்கி வளர்த்தவள் அம்மாதான். கடைசியில், "எடுத்துடறேன். ஆனா பொடவை கட்டிக்கினு பொன்னேரி பஸ்ஸுல ஏறச் சொல்லாத. படம் புடிக்கிற பொட்டி இங்க வரணும். ஒரு ஈ காக்காவுக்குத் தெரியக்கூடாது" என்றார். எங்கள் ஸ்டுடியோ கேமராவோ மாட்டு வண்டியில் ஏற்றவேண்டிய சாமான். முதலாளி அதைப் படகில் ஏற்ற விடமாட்டார். இரண்டு வாரம் அப்படியே போய்விட்டது.

அப்போதுதான் பாய் வந்தார். பழவேற்காட்டு டவுனில் பழைய வியாபாரக் குடும்பத்தைச் சேர்ந்தவர், துபாயிலிருந்து லீவில் வந்திருந்தார். சட்டைப் பையிலிருந்து கறுப்பாக எதையோ எடுத்து மேஜைமேல் வைத்தார். முதலில் மூக்குப்பொடி டப்பா என்று நினைத்தேன். முன்னாலிருந்த மூடியை விரலால் நகர்த்தினார். உள்ளே லென்சு கண்ணைத் திறந்தது. நான் கண் கொட்டாமல் பார்த்தேன். பிற்பாடு என் மனைவியைப் பெண் பார்க்கப் போனபோதுகூட அப்படிப் பார்க்கவில்லை. இதை அவளிடமும் சொல்லியிருக்கிறேன்.

"பேஜாரா கீது தம்பி" என்றார் பாய். "என் தங்கச்சி கல்யாணத்துல நூறு படம் எடுத்தேன். ஒண்ணுகூட வெளிய வரல."

திறந்து பார்த்தேன். உள்ளே பிலிமே இல்லை. பிலிம் என்று ஒன்று தனியாக வாங்கிப் போடவேண்டும் என்பதை அவருக்கு யாரும் சொல்லவில்லை. இவ்வளவு உசத்தியான பொருளில் எல்லாம் உள்ளேயே இருக்கும் என்று அவர் நம்பியிருந்தார். நான் பிலிம் போடக் கற்றுக்கொடுத்தேன். அந்த நன்றிக்கு அவர் கேமராவை நாலு நாள் என்னிடம் விட்டுவைத்தார்.

அந்த நாலு நாளும் நான் தரையில் நடக்கவில்லை. சின்னப் பொருள்தான், ஆனால் கையில் வைத்தால் நல்ல கனம். அமுக்கினால் 'டிக்' என்று ஒரே ஒரு சத்தம், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்காது. லென்சைச் சுற்றி ஒரு வளையத்தில் மூன்று குறிகள்: ஒரு தலை, இரண்டு ஆள், ஒரு மலை. கிட்டத்தில் இருந்தால் தலையில் வை, தள்ளியிருந்தால் ஆளில் வை, தூரத்தில் இருந்தால் மலையில் வை. எல்லாவற்றையும்விட அதன் அறிவுதான் என்னைச் சொக்கவைத்தது. வெளிச்சம் போதவில்லை என்றால் கண் வைத்துப் பார்க்கிற ஓட்டைக்குள் ஒரு சிவப்புக் கொடி எட்டிப் பார்க்கும். அப்புறம் குட்டிக்கரணம் போட்டாலும் பொத்தான் அமுங்காது. மோசமான படம் எடுக்க அது சம்மதிக்காது.

அதை ரகசியமாக ஊருக்குக் கொண்டுபோவதுதான் திட்டம். பையில் போட்டேன், படகில் ஏறினேன், ஏரி நடுவில் படகுக்காரருக்கு எடுத்துக் காட்டினேன். ஏன் காட்டினேன் என்று கேட்காதீர்கள். அப்படி ஒரு சாமான் கையில் இருந்து காட்டாமல் வருபவன் மனிதனே இல்லை. நாங்கள் கரை சேர்ந்து நான் கால் கழுவுவதற்குள் சேதி ஊரைச் சுற்றிவிட்டது. ஊர்த் தலைவர் ஆள் விட்டார்.

"உள்ள எத்தினி படம் கீது?"

"முப்பத்தாறு."

"ஊர்ல தலைக்கட்டு முப்பத்து நாலு. யாரு முன்னாடி, யாரு பின்னாடி?"

தலைக்கட்டு என்றால் ஒரு குடும்பம். எங்கள் ஏரியில் யாரும் நினைத்த இடத்தில் வலை போடமுடியாது. நல்ல இடங்களுக்கு முறை உண்டு. சீட்டுப் போட்டு, இன்ன நாள் இன்ன தலைக்கட்டு என்று பிரித்துக்கொள்வார்கள். அதற்குப் பாடு என்று பெயர். உன் பாட்டில் காற்று மாறினாலும், மீன் வராவிட்டாலும், அது உன் தலையெழுத்து. மாற்றிக்கொள்ளவும் முடியாது, திரும்பக் கேட்கவும் முடியாது. ஊருக்குள் பத்துப் பேர் ஆசைப்படும்படி எது வந்தாலும் தலைவருக்கு இந்த ஒரு வழிதான் தெரியும்.

கேமராவுக்குப் பாடு போட்டார்கள். ஒரு தலைக்கட்டுக்கு ஒரு அமுக்கு. கண்ணை மூடினாலும் சரி, தும்மினாலும் சரி, ஒரே அமுக்கு. எங்கள் வீட்டுக்கு முப்பத்து நாலாவது சீட்டு விழுந்தது. கடைசி. நைனாவின் முகம் தொங்கிவிட்டது. எனக்கு ஒரு விதத்தில் நிம்மதி. எல்லாரும் எடுத்து முடித்துக் கலைந்துபோவார்கள், நாங்கள் வீட்டுக்குள் கதவைச் சாத்திக்கொண்டு மாமாவை எடுத்துக்கொள்ளலாம்.

மறுநாள் காலை ஆரம்பித்தது கூத்து. முதல் சீட்டுக்காரர் ஆளே வேண்டாம், புது வலையை மட்டும் எடு என்றார். அடுத்த வீட்டில் மாமியாரும் மருமகளும் சேர்ந்து நிற்க மறுத்ததால் ஆட்டை நிறுத்தி எடுத்தேன். ஒரு அம்மாள் பக்கத்து வீட்டு வேலி ஒரு முழம் தள்ளி வந்திருப்பதைச் சாட்சிக்கு எடுக்கச் சொன்னாள். வேலிக்காரர் தன் பாடு வந்தபோது அதே வேலியை மறுபக்கத்திலிருந்து எடுக்கச் சொன்னார்.

இதற்குள் வளையத்தில் இருந்த மலையை ஒருவர் பார்த்துவிட்டார்.

"எனக்கு மலையில வெச்சு எடு."

"அண்ணே, அது தூரத்துல இருக்கறதுக்கு."

"நான் கேட்டத வெய்யி. எம் பின்னாடி மலை வரட்டும். இந்த ஊர்ல மண்ணும் தண்ணியும் பாத்துப் பாத்து சலிச்சிப்போச்சு."

அவருக்குப் பிறகு பதினோரு வீட்டார் மலை கேட்டார்கள். கிட்டத்தில் நிற்பவரை மலையில் வைத்து எடுத்தால் முகம் மங்கிப்போகும் என்று தொண்டை வறளச் சொன்னேன். மலையை நான் என் வீட்டுக்கு ஒளித்துவைக்கிறேன் என்றார்கள். சரி, ஒழியட்டும் என்று மலையிலேயே எடுத்தேன்.

முப்பத்து மூன்று முடிந்தபோது உச்சி வெயில். வீட்டுக்குள் மாமா தயாராகிக்கொண்டிருப்பார். நான் கிளம்பினேன். தலைவர் குறுக்கே வந்து நின்றார்.

"மடியத் தொற."

வலையின் கோடியில் மீன் சேர்கிற பைக்கு மடி என்று பெயர். கரைக்கு இழுத்ததும் எல்லார் கண் முன்னாலும் மடியைத் திறந்து காட்டவேண்டும். மூடின மடியை யாரும் வீட்டுக்குத் தூக்கிப்போகக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு.

"பெரியப்பா, வெளிச்சம் பட்டா எல்லாம் போயிடும்."

"வெளிச்சத்துலதான எடுத்த? அப்போ ஆவாதது இப்போ இன்னா ஆவும்?"

மூன்று வருஷம் இருட்டறையில் வேலை பார்த்திருந்தேன். இந்தக் கேள்வியை யாரும் என்னிடம் கேட்டதில்லை. நான் யோசித்துக்கொண்டிருக்கும்போதே அவர் கேமராவை வாங்கி, பக்கத்தில் இருந்த குமிழை இழுத்து, முதுகைத் திறந்துவிட்டார். அந்த வெயிலில் எல்லாரும் வரிசையாக வந்து எட்டிப் பார்த்தார்கள்.

"ஒண்ணும் காணோமே?"

"இன்னும் கழுவல."

"பொடி மீனாட்டம் கீது" என்று சொல்லித் தலைவர் மரியாதையாக மூடிக் கொடுத்தார்.

எடுத்து முடித்த முப்பத்து மூன்றும் செத்துவிட்டன. அது எனக்கு அந்த நிமிஷமே தெரியும். எடுக்காத மூன்று மட்டும் உருளைக்குள் சுருண்டு பத்திரமாக இருந்தன. அதிலும் வாய்ப்பக்கம் இருந்த இரண்டில் வெளிச்சம் பட்டிருக்கலாம். ஆக நல்லது ஒன்று. உண்மையைச் சொன்னால் அந்த ஒன்றுக்கு மறுபடி முப்பத்து நாலு சீட்டு போடுவார்கள். யாராவது வேலியை எடுப்பார்கள். அம்மா போய்விடுவாள், இரண்டாவது தடவையாக. நான் வாயைத் திறக்கவில்லை. செய்தது அயோக்கியத்தனம்தான், மறுக்கவில்லை.

கெட்டுப்போன இரண்டையும் தள்ளிவிட, கேமராவை வானத்தைப் பார்த்துப் பிடித்து இரண்டு முறை அமுக்கினேன்.

"டேய், வானம் எந்தத் தலைக்கட்டுடா?" என்று ஒருவர் கேட்டார்.

"கேமராவுக்குக் காத்தாட வேணாமா?" என்றேன். வலையையும் காயப்போடுகிறவர்கள் ஆனதால் ஒப்புக்கொண்டார்கள்.

வீட்டுக்குள் மாமா முக்காலியில் உட்கார்ந்திருந்தார். மீசை இருந்த இடம் வெளிறிக் கிடந்தது. அம்மாவின் பச்சைப் புடவை, அம்மாவின் சவுரி முடியில் ஒரு கொண்டை, நெற்றியில் பெரிய பொட்டு. நைனா மண்டி போட்டுக் கொசுவத்தைச் சரிசெய்துகொண்டிருந்தார். "கிச்சுகிச்சு மூட்டாத மாமா" என்று மாமா நெளிந்தார். அக்கா புருஷனை அவர் மாமா என்றுதான் கூப்பிடுவார்.

கேமராவைக் கண்ணில் வைத்தேன். சிவப்புக் கொடி எட்டிப் பார்த்தது. கதவை ஒருக்களித்தேன், சிவப்பு. விளக்கு ஏற்றினேன், சிவப்பு. நைனா என்னிடமிருந்து வாங்கிப் பார்த்தார்.

"வேணாங்குதுடா. உங்கம்மாதான் வேணாங்கறா."

"இல்ல நைனா. வெளிச்சம் பத்தல. வெளிய வந்தா எடுக்கும்."

வெளியே முப்பத்து மூன்று தலைக்கட்டும் கலையாமல் நின்றது. கடைசிப் பாடு அல்லவா, பார்க்காமல் போவார்களா? மாமா கதவு இடுக்கில் பார்த்துவிட்டு, "செத்தாலும் மாட்டேன்" என்றார். நைனா கெஞ்சவில்லை. வாங்கி வைத்திருந்த ஆணியை மடியிலிருந்து எடுத்தார், சுவரில் மாட்டப்போகிற இடத்தைப் பார்த்தார், மறுபடி மடியில் செருகிக்கொண்டார். அவ்வளவுதான். மாமா எழுந்து முக்காலியைத் தூக்கிக்கொண்டு வெளியே நடந்தார்.

முன்வரிசையில் நின்றவர்கள் விலகி வழிவிட்டார்கள். பிறகு ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். அவ்வளவுதான், கரை முழுக்கப் பற்றிக்கொண்டது. மாமா வெயிலில் உட்கார்ந்திருந்தார். நான் வளையத்தை ஒரு தலையில் வைத்துப் பார்த்தேன். சிவப்பு இல்லை. ஆனால் எதிரே அம்மாவும் இல்லை. புடவை கட்டிய ஒரு ஆம்பிளை, அவமானத்தில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தார். இருப்பது ஒரே ஒரு படம். என் விரல் அமுக்க மறுத்தது.

கூட்டத்தில் ஒருவர் கத்தினார். "இன்னா ஆயா, எறா கூறு எவ்ளோ?"

மாமாவின் இடது புருவம் மேலே ஏறியது. நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார்.

"இன்னாடா பல்லக் காட்டிக்கினு கீறீங்க? வாங்கறதுன்னா வாங்கு, இல்லாங்காட்டி நடையக் கட்டு!"

இருபது வருஷம் சந்தையில் அம்மா கத்திய கத்தல் அது. அதே வார்த்தை, அதே இழுப்பு. சிரித்துக்கொண்டிருந்த கூட்டம் அப்படியே அடங்கியது. இரண்டு பெண்கள் மீன் வாங்க நிற்பவர்கள்போல் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள். தலைவர் தோளில் கிடந்த துண்டை எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார். நான் அமுக்கினேன். அந்தச் சின்ன 'டிக்' அன்றைக்கு எல்லாருக்கும் கேட்டது.

பொன்னேரி இருட்டறையில் பிலிமைக் கழுவினேன். முப்பத்தைந்தும் கரி. கோடியில் ஒன்று மட்டும் தெளிந்திருந்தது. தட்டில் தாளைப் போட்டு ஆட்டினேன். முதலில் பொட்டு வந்தது, பிறகு புருவம், பிறகு திறந்த வாய். தட்டில் கிடந்த அம்மா என்னைத் திட்டினாள். நான் அழுதேன். மருந்துத் தண்ணீரில் கண்ணீர் விழுந்தால் படம் கெடும் என்று தள்ளி நின்று அழுதேன்.

கேமராவைத் திருப்பிக் கொடுக்கும்போது பாய் படத்தை வாங்கிப் பார்த்தார். "அம்மாவா தம்பி?"

"ஆமா பாய்."

மாமாவைச் சந்தையில் பார்த்துப் பழகியவர், படத்தைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்க மாமா ஜாடை அடிக்குது" என்றார்.

ஊரில் உண்மையைச் சொல்லவேண்டி வந்தது. அடி விழும் என்று எதிர்பார்த்துப் போனேன். விழவில்லை. தலைவர் ஊரைக் கூட்டி, "மடியத் தொறந்தது ஊர்த் தப்பு. கெடைச்சது ஒரே மீனு. அத்த எல்லாருமாப் பங்கு போட்டுக்கணும்" என்று தீர்ப்புச் சொன்னார். முப்பத்து மூன்று பிரதிகள் போட்டுக் கொடுத்தேன். படத்துக்குக் கூசிய என் அம்மா, வாயைத் திறந்து திட்டியபடி ஊரில் எல்லா வீட்டுச் சுவரிலும் தொங்கினாள். மாமா வீட்டிலும் ஒன்று, அது அவர் பங்கு. முதலில் மலை கேட்டவர் மட்டும் பின்னால் மலை இல்லையே என்று குறைப்பட்டார். மாமா யார் வீட்டுக்குப் போனாலும் தரையைப் பார்த்தே பேசினார்.

நைனா அந்த ஆணியை அடித்தார். திதிக்கு மாலை போட்டார். நானும் கடன் தீர்ந்தது என்று நினைத்தேன். மாமாவின் மீசை பழையபடி வளர்ந்தது.

அடுத்த வருஷம் திதிக்கு ஒரு வாரம் முன்பு மாமா வீட்டுக்கு வந்திருந்தார். நைனா சுவரைப் பார்த்தார், மாமாவைப் பார்த்தார், பிறகு தயங்கித் தயங்கிச் சொன்னார். "மீசைய எடுத்துட்டு ஒரு வாட்டி வந்துட்டுப் போயேன்."

"இன்னாத்துக்கு? படந்தான் கீதே."

"கீது. ஒரு வருசமா ஒரே திட்டையே திட்டிக்கினு கீது."

மாமா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு போய்விட்டார். இதற்குமேல் எவன் சம்மதிப்பான் என்று நான் நைனாவைக் கடிந்துகொண்டேன்.

திதியன்று இலை போட்டபிறகு மாமா வந்தார். வேட்டி சட்டைதான். மீசை இல்லை. நைனாவுக்கு எதிரே உட்கார்ந்து தலை நிமிராமல் சாப்பிட்டார். சாப்பிட்டு முடித்துத் தண்ணீர் குடித்தார். பிறகு நைனாவை ஏற இறங்கப் பார்த்தார். இடது புருவம் மேலே போனது.

"இன்னாய்யா, அந்தச் சட்டையத் தோச்சு எத்தினி நாளாவுது?"

நைனா எச்சில் கையோடு எழுந்து நின்று சட்டையைக் கழற்றினார்.